பீடோர் சுரங்கத்தில் கிடைத்த சிலையும், கிடைக்காமல் போன இடமும்

 

கொஞ்சம் நீளமான பதிவுங்க. நேரம் இருக்கும்போது பொறுமையா படிங்க. போன வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சு பிரசாதம் கட்டிக்கிட்டு இருக்கும்போது நம்ம இளைஞர் பிரிவுத் தம்பி ஒருத்தர் கேட்டார்: "அண்ணே, கெடாவுல பூஜாங் பள்ளத்தாக்குல அத்தனை பழைய கோயில் இருக்கு. பக்கத்துல இருக்கிற பேராக்ல மட்டும் ஏன் ஒண்ணுமே இல்ல?"

நல்ல கேள்வி. அங்கேயே நின்னு ரெண்டு வரியில சொல்ல முடியல. அதனால இங்க எழுதுறேன்.

பேராக்கில் ஒண்ணுமே இல்லைன்னு சொல்ல முடியாது. கோலாலம்பூர் தேசிய அருங்காட்சியகத்துக்குப் போனவங்க அந்தச் சிலையைப் பார்த்திருப்பீங்க. எட்டுக் கைகளோட நிற்கும் வெண்கலச் சிலை, 79 சென்டிமீட்டர் உயரம். 1936-ல் பேராக், பீடோரில் ஒரு ஈயச் சுரங்கத்தில் கிடைத்தது. நம்ம ஆளுங்க பல பேர் அதைப் பார்த்து விஷ்ணு, முருகன் என்று கும்பிட்டுட்டு வர்றாங்க. கும்பிடுறது தப்பில்ல, ஆனா அது நம்ம சாமி இல்லீங்க. அவலோகிதேஸ்வரர் என்ற போதிசத்துவர். மகாயான பௌத்தர்கள் வணங்கும் கருணை வடிவம். சீனர் கோயில்ல குவான் யின் அம்மான்னு கும்பிடுறாங்களே, அதுவும் இதே போதிசத்துவர்தான்.

அந்தச் சிலையை 8 அல்லது 9ஆம் நூற்றாண்டு என்பார்கள். அதுக்கு முன்னே என்பவர்களும் உண்டு, பின்னே என்பவர்களும் உண்டு. ஏன் இப்படி ஆளுக்கு ஒரு காலம் சொல்றாங்க? சிலையோட முகம், உடை, நகை, செய்த பாணி இதை வச்சுத்தான் கணக்குப் போட முடியுது. கூட வேற எதுவும் இல்ல. எந்தக் கட்டடத்துக்குள்ள நின்னுச்சு? செங்கல்லா, மரமா? பக்கத்துல விளக்கு இருந்ததா, பானை இருந்ததா? வெள்ளத்துல அடிச்சிக்கிட்டு வந்ததா, யாராவது பத்திரமா புதைச்சு வச்சதா? ஒண்ணும் சொல்ல முடியாது. அகழாய்வில் கிடைத்த பொருள் இல்ல அது, சுரங்க வேலையில கிடைத்த பொருள்.

இந்த வித்தியாசம் நமக்குப் புரியணும். நான் ஃபேக்டரியில வேலை பார்க்கிறவன், அதனால எனக்குத் தெரிஞ்ச மாதிரியே சொல்றேன். எங்க லைன்ல ஒவ்வொரு டிரேயிலும் ஒரு லாட் டேக் இருக்கும். எந்த மெஷின், எந்த ஷிஃப்ட், எந்த ரோல் மெட்டீரியல், எல்லாம் அதுல எழுதியிருக்கும். ஒரு பார்ட் தரையில தனியா கிடந்தா, பார்க்க எவ்வளவு நல்லா இருந்தாலும் அதைத் திரும்ப லைன்ல சேர்க்க முடியாது. அது எங்கேருந்து வந்ததுன்னு யாராலயும் சொல்ல முடியாதுல்ல. மண்ணுக்குள்ள இருக்கிற பழைய பொருளுக்கு அந்த மண்ணுதான் லாட் டேக். எத்தனை அடி ஆழம், எந்த நிற மண், பக்கத்துல என்ன கரி, என்ன ஓடு, இதையெல்லாம் பார்த்துப் பதிவு பண்ணாம எடுத்துட்டா, சிலை மட்டும் கையில இருக்கும். கதை மண்ணோட போயிடும்.

நம்ம பாஷையில சொல்லணும்னா, மூர்த்தி கிடைச்சது, தலம் போச்சு. தலபுராணம் இல்லாத கோயிலை நாம நினைச்சுப் பார்க்க முடியுமா?

இப்ப பேராக்ல ஈயம் எப்படி எடுத்தாங்கன்னு தெரிஞ்சா, தம்பி கேட்ட கேள்விக்கே பாதி பதில் வந்துடும்.

கிந்தா பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் உலகத்திலேயே பெரிய ஈய வயல். ஈப்போ, கோப்பேங், கம்பார், பத்து காஜா எல்லாம் ஈயத்தால் வளர்ந்த ஊர்கள்தான். அங்கே ஈயம் பாறைக்குள்ள மட்டும் இல்ல, ஆற்று வண்டல் மண்ணோட கலந்து கிடந்தது. அதனால மண்ணையே முழுசா கரைச்சு அலசணும். ஒரு முறையில, பெரிய குழாயில தண்ணீரைப் பீய்ச்சி அடிச்சு மண் மேட்டை அப்படியே சரிப்பாங்க. அந்தச் சேற்றுத் தண்ணியை பம்ப் போட்டு உயரத்துல கட்டின பாலோங் மேல ஏத்துவாங்க. பாலோங்னா சரிவா அமைச்ச நீளமான மரக் கால்வாய். கனமான ஈயத் தாது அதுல அடியில தங்கும். மணலும் களியும் மீதி எல்லாமும் அடிச்சிக்கிட்டுப் போய்க் குவியும். இன்னொரு முறை ஈயக் கப்பல். தானே வெட்டின குளத்துல தானே மிதந்துக்கிட்டு, சங்கிலியில கோத்த இரும்பு வாளிகளால அடியில இருந்து மண்ணை அள்ளி, வயித்துக்குள்ள அலசி, பின்பக்கம் மணலைத் துப்பிக்கிட்டே முன்னேறும். தஞ்சோங் துவாலாங் ஐந்தாம் எண் கப்பல் இன்னும் பத்து காஜா பக்கம் நிக்குது. 1938-ல் கட்டினது, எடை 4,500 டன். 1980கள் தொடக்கம் வரைக்கும் ஓடிச்சு. பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டுப் போய்க் காட்டுங்க. பக்கத்துல நின்னாதான் அந்த வாளி எவ்வளவு பெருசுன்னு தெரியும்.

இந்த இயந்திரத்துக்கு முன்னாடி ஒரு பழைய கோயில் அஸ்திவாரம் இருந்துச்சுன்னு வச்சுக்குங்க. களிமண் செங்கல் கரைஞ்சிடும். மரத் தூண் இருந்த குழி, ஒரு நிற மாற்றமா மண்ணுல தெரியுமே, அது ஒரு நிமிஷத்துல காணாமப் போயிடும். பானை ஓடு மணலோட போய்க் குவியும். கரி மிதந்து போயிடும். என்ன தப்பும்? கனமான உலோகம்தான் தப்பும். அதனாலதான் கிந்தா பக்கம் பெங்காலான், தஞ்சோங் ரம்புத்தான் மாதிரி இடங்களிலும் வெண்கல புத்தர் சிலைகள் சுரங்கத்தில் கிடைச்சிருக்கு, ஆனா கட்டடம்னு ஒண்ணும் கிடைக்கல. சுங்கை சிப்புட் பக்கம் ஜாலோங்கிலும் ஒரு உலோகச் சிலை கிடைச்சது. அதைச் சில ஆய்வாளர்கள் அகத்தியர் என்கிறார்கள். சிலைகள் இருக்கு, இடங்கள் இல்ல.

அதுக்காக "பேராக்ல பெரிய தமிழ் ராஜ்ஜியமே இருந்தது, எல்லாத்தையும் அழிச்சிட்டாங்க" என்று வாட்ஸ்அப்பில் சுத்துற மாதிரி நான் எழுத மாட்டேன். இருந்தது என்று சொல்லவும் ஆதாரம் வேணும், இல்லை என்று சொல்லவும் ஆதாரம் வேணும். அந்த ஆதாரம்தான் பாலோங்ல ஓடிடுச்சு.

இதுல எனக்கு ரொம்ப வருத்தம் தர்ற விஷயம் ஒண்ணு இருக்கு. வெண்கலம் என்றால் செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகம். அந்த வெள்ளீயம்தான் கிந்தா மண்ணுல கொட்டிக் கிடந்தது. அப்போ 1,100, 1,200 வருஷத்துக்கு முன்னாடியே அந்த ஈயத்துக்காக வெளியூர் வியாபாரிகள் அங்கே வந்து தங்கினார்களா? சாமி சிலையைக் கொண்டு வந்து வச்சுக் கும்பிட்டவங்க ஈயம் வெட்டினவங்களா, வாங்க வந்தவங்களா? நம்ம நாட்டு வரலாற்றுலேயே இது எவ்வளவு பெரிய கேள்வி! பதில் இருந்திருக்கக்கூடிய இடத்தை ஈயத்துக்காகவே தோண்டிட்டோம்.

அந்தக் காலத்து சுரங்கத் தொழிலாளிகளைக் குறை சொல்ல எனக்கு மனசில்ல. சீனர்கள் நிறைய பேர், நம்மவங்களும் இருந்தாங்க. கூலிக்கு வேலை செஞ்சவங்க. சிலையை உருக்கி விக்காம விட்டாங்களே, அதுவே பெரிய புண்ணியம்.

அதே பேராக்ல, பொறுமையா தோண்டின இடங்களும் உண்டு. என்ன கிடைச்சதுன்னு பாருங்க.

மாத்தாங் பக்கம் கடலோரச் சதுப்புக் காட்டுல குவாலா செலின்சிங். ஐவர் எவன்ஸ் என்ற வெள்ளைக்காரர் 1920, 30களில் அங்கே அகழாய்வு செய்தார். கிடைச்சது பெரிய சிலை இல்லீங்க, சின்ன செந்நிறக் கல் முத்திரை. அதுல ஸ்ரீ விஷ்ணுவர்மன் என்ற பெயர் வெட்டியிருக்கு. அதோட மணி செய்யும் கற்கள், கண்ணாடி மணிகள், படகுக்குள்ள வச்சுப் புதைத்த மனித எலும்புகள். மண்ணோட சேர்த்துப் பார்த்ததால, அங்கே மக்கள் வாழ்ந்தாங்க, மணி செஞ்சாங்க, இறந்தவங்களைப் படகுல வச்சு வழியனுப்பினாங்கன்னு ஒரு ஊரோட வாழ்க்கையே தெரியுது. விரல் அளவு கல், ஆனா அதுக்கு ஊர் இருக்கு.

இன்னொண்ணு லெங்கோங். 1991-ல் பேராசிரியர் சுரைனா மஜிட் குழு குனோங் ருந்து குகையில் எடுத்த பேராக் மனிதன். சுமார் 10,000 வருஷத்துக்கு மேலே பழைய எலும்புக்கூடு. ஒரு கை பிறவியிலேயே ஊனம். கால்களை மடக்கி, கிளிஞ்சல்களும் இறைச்சியும் பக்கத்துல வச்சு மரியாதையா புதைச்சிருக்காங்க. கை ஊனமான ஒருத்தரை வேட்டையாடி வாழ்ந்த ஒரு கூட்டம் கடைசி வரைக்கும் வச்சுக் காப்பாத்தியிருக்கு. எனக்கு இதைப் படிச்சப்போ கண்ணு கலங்கிச்சு. இதே மாதிரி சுண்ணாம்புக் குகைகள்ல வௌவால் எச்சத்தை உரத்துக்காக வெட்டி எடுத்தவங்க எத்தனையோ இடத்துல இந்த மண்ணை அள்ளிட்டுப் போயிருக்காங்க. லெங்கோங் பள்ளத்தாக்கு 2012-ல் யுனெஸ்கோ பட்டியலில் வந்தது.

நம்ம பத்துமலையையே எடுத்துக்குங்க. முருகன் குடியிருக்கிற அதே மலையில 1980 வாக்கு வரைக்கும் கல் உடைச்சாங்க. நம்ம அப்பா அம்மா காலத்துல தைப்பூசத்துக்குக் காவடி எடுத்தவங்க அந்தக் காலத்தைப் பார்த்தவங்கதான்.

இப்ப கெடாவுக்கு வர்றேன், தம்பி அங்கேருந்துதானே ஆரம்பிச்சார். மெர்போக்கில் இருக்கும் சண்டி புக்கிட் பத்து பகாட், நாம பஸ் எடுத்துப் போய்ப் பார்க்கும் கோயில், சிவாலயம் என்று கருதப்படுவது. 1930களில் குவாரிட்ச் வேல்ஸ் தோண்டினார். 1959, 60-ல் மலாயா பல்கலைக்கழகத்து அலஸ்டர் லேம்ப் இருந்த இடத்திலேயே திரும்ப அடுக்கிக் கட்டினார். அப்போ அஸ்திவாரத்துக்குள்ள கல் பெட்டிகள் கிடைச்சது. உள்ளே சின்னச் சின்ன உலோகப் பாத்திரம், தங்கத் தகடு, ரத்தினக் கற்கள். நம்ம குருக்கள் ஐயாகிட்ட கேட்டா உடனே சொல்லுவார், கோயில் கட்டும்போது பூமிக்குள்ள வைக்கிற கர்ப்பநியாசம். கும்பாபிஷேகத்துல பீடத்துக்கு அடியில யந்திரமும் நவரத்தினமும் வைக்கிறோமே, அதே வழிதான். ஒரு கோயிலோட உயிர் மண்ணுக்கு மேலே மட்டும் இல்ல, கீழேயும் இருக்கு. மேலே இடிஞ்சு போய்க் கல் குவியலா கிடந்தாலும் கீழே இருப்பது அப்படியே இருக்கலாம். அதைத் தெரிஞ்சவங்க தோண்டினதால கிடைச்சது.

அதே பூஜாங் பள்ளத்தாக்குல 2013-ல் என்ன நடந்ததுன்னு பல பேருக்கு ஞாபகம் இருக்கும். பதினோராம் எண் சண்டி, சுங்கை பத்து தோட்டத்துல இருந்தது. வீடமைப்புத் திட்டத்துக்காக நிலத்தைச் சமன்படுத்தும்போது தரைமட்டமாயிடுச்சு. டிசம்பர் மாசம்தான் வெளியே செய்தி வந்தது. ஆய்வாளர்கள் பல வருஷத்துக்கு முன்னாடியே எண் போட்டுப் பதிவு செஞ்ச இடம் அது! ஆனா சட்டப்படி அரசிதழில் அறிவிக்கப்படல. நிலம் தனியார் நிலம். புத்தகத்துல இருந்தது, வரைபடத்துல இருந்தது, புல்டோசர் ஓட்டினவர் கையில இருந்த பிளான்ல இருந்ததா என்பதுதான் கேள்வி. பிறகு திரும்பக் கட்டித் தர்றோம்னு பேச்சு வந்தது. கல்லை அடுக்கலாம். கீழே கலைஞ்ச மண்ணை எப்படி அடுக்குவது?

சட்டம் இல்லாம இல்ல. முன்னாடி 1976 தொல்பொருள் சட்டம் இருந்தது, இப்ப 2005 தேசிய மரபுடைமைச் சட்டம். பழமையானது என்று நம்பத்தக்க பொருள் எதையாவது யார் கண்டெடுத்தாலும் மரபுடைமை ஆணையருக்கோ, அந்த மாவட்ட அதிகாரிக்கோ உடனே தெரிவிக்கணும். சுரங்கக்காரர், கான்ட்ராக்டர், நம்ம மாதிரி கோயில் ஆளுங்க, எல்லாருக்கும் பொருந்தும். ஆனா நிலமும் சுரங்க அனுமதியும் மாநில அரசு கையில, மரபுடைமை ஆணையர் மத்திய அரசுல. ரெண்டு ஆபீஸும் பேசிக்காட்டி நடுவுல மண்ணு போயிடும்.

ஆஸ்திரேலியாவுல இன்னும் மோசம். மேற்கு ஆஸ்திரேலியா, ஜூக்கான் பள்ளம் என்ற இடம். பூர்வகுடி மக்களுடைய பாறைக் குகைகள், 46,000 வருஷத்துக்கு முன்னாடியே மனிதர்கள் தங்கிய தடயம் இருந்த இடம். 2020 மே 24 அன்று ரியோ தின்தோ நிறுவனம் இரும்புத் தாதுக்காக வெடி வச்சுத் தகர்த்தது. திருட்டுத்தனமா இல்லீங்க, அரசாங்க அனுமதியோட. அனுமதி 2013-ல் கிடைச்சது. அதுக்குப் பிறகு 2014-ல் அகழாய்வு செஞ்சப்போதான் அந்த இடம் எவ்வளவு பழசுன்னு தெரிஞ்சது. சுமார் 4,000 வருஷத்துக்கு முன்னாடி மனுஷ முடியால பின்னின கயிறும் கிடைச்சது. அந்த முடியைப் பரிசோதிச்சா, இன்னைக்கு அங்கே வாழும் மக்களோட மூதாதையர் முடி என்று தெரிஞ்சது! இவ்வளவும் தெரிஞ்ச பிறகும், கொடுத்த அனுமதியை மறுபடியும் எடுத்துப் பார்க்க அந்த 1972 சட்டத்துல வழி இல்ல. அப்புறம் உலகமே கண்டிச்சு, கம்பெனித் தலைமை அதிகாரி பதவி விலகினார். குகை திரும்ப வரல.

எங்க ஃபேக்டரியில யாரா இருந்தாலும், கிளீனர் அக்காவா இருந்தாலும், தப்பு நடக்குதுன்னு பார்த்தா லைன் ஸ்டாப் பட்டனை அழுத்தலாம். மேனேஜர்கிட்ட பர்மிஷன் கேட்க வேண்டியதில்ல. பிறகு விசாரிச்சுக்கலாம். ஜூக்கான்ல அப்படி ஒரு பட்டன் யார் கையிலயும் இல்ல.

சுரங்கமே வேண்டாம்னு நான் சொல்லல. இந்தப் பதிவைப் படிக்கிற போன்லயும் ஈயம் இருக்கு, பத்த வச்ச ஒவ்வொரு இணைப்புலயும் இருக்கு. சரியா செஞ்ச இடமும் இருக்கு. லாவோஸ் நாட்டுல சவன்னாகேட் மாநிலம், செப்போன் செம்புச் சுரங்கம். அங்கே சுரங்க நிறுவனம், லாவோஸ் அரசாங்கம், ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சேர்ந்து வேலை செஞ்சாங்க. 2,000 வருஷத்துக்கு முந்தைய செம்புச் சுரங்கக் குழிகளே கிடைச்சது. பெரிய வெண்கல முரசும் கிடைச்சது. இன்றைய சுரங்கம் பழைய சுரங்கத்தைக் கண்டுபிடிச்சுக் கொடுத்திருக்கு. கிந்தாவுல நமக்குக் கிடைக்காமப் போனது இதுதான்.

வழி ஒண்ணும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லீங்க. லைசென்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடியே தெரிஞ்ச ஆள் நிலத்துல நடந்து பார்க்கணும், ஊர்ப் பெரியவங்களைக் கேட்கணும், சில இடத்துல சின்னச் சோதனைக் குழி போடணும். முக்கியமான இடம்னா வேலி போட்டு விட்டுடணும், ஏன்னா தோண்டாம மண்ணுக்குள்ளேயே விடுறதுதான் நல்ல பாதுகாப்பு. விட முடியாதுன்னா இயந்திரம் வர்றதுக்கு முன்னாடி முழுசா அகழாய்வு செஞ்சு பதிவு பண்ணணும். மேல்மண் எடுக்கிற நாள்ல ஒருத்தர் பக்கத்துல நின்னு பார்க்கணும், பார்த்ததும் நிறுத்தச் சொல்ற அதிகாரம் அவருக்கு இருக்கணும். இப்ப ஹுலு பேராக்ல அரிய மண் தாது எடுக்கிறாங்க, கிளியான் இந்தான்ல ஈயம் இன்னும் எடுக்கிறாங்க. லெங்கோங்கும் அதே ஹுலு பேராக்தான். அதனால இது பழைய கதை இல்ல.

சரி, நம்ம கோயில் விஷயம். பின்பக்கம் அன்னதான மண்டபத்துக்கு அஸ்திவாரம் தோண்டப் போறோம்னு எல்லாருக்கும் தெரியும். தோட்டத்து மக்கள் முதல்ல அத்தாப்புக் கொட்டகை போட்டுக் கும்பிட்ட இடம் அந்தப் பக்கம்தான் என்று லைன் வீட்டுல பிறந்த பாட்டிமார்கள் சொல்றாங்க. பின்னமான பழைய சிலைகளை அரச மரத்தடியில புதைச்சதாவும் ஒரு பேச்சு. ஆயிரம் வருஷம் இல்ல, நூறு வருஷம் கூட இருக்காது. ஆனா அது நம்ம தாத்தா பாட்டி கையால வச்சது.

நிர்வாகக் குழுவுல பேசியாச்சு, தலைவர் ஐயாவும் சரின்னுட்டார். எக்ஸ்கவேட்டர் வர்றதுக்கு முந்தின ஞாயிறு, பாட்டிமார்களைக் கூட்டிக்கிட்டு வந்து இடத்தைக் காட்டச் சொல்லி, குச்சி நட்டு, போட்டோ எடுத்து வைக்கிறோம். தோண்டுற மூணு நாளும் காலையில ஒருத்தர், மதியம் ஒருத்தர் குழி பக்கம் நிக்கணும். எதாவது தென்பட்டா கையால எடுக்கக் கூடாது, முதல்ல நிறுத்தச் சொல்லி, அளவு கோல் வச்சுப் போட்டோ எடுக்கணும். கான்ட்ராக்டர்கிட்ட முன்கூட்டியே சொல்லியாச்சு, அரை நாள் தாமதம் ஆனா அதுக்குக் கணக்குல இடம் விட்டிருக்கோம். நான் ரெண்டு நாள் லீவு போட்டிருக்கேன். மூணாவது நாள் காலைக்கும், மூணு நாள் மதியத்துக்கும் ஆள் தேவை. ரிட்டையர் ஆனவங்க, நைட் ஷிஃப்ட் முடிச்சு வர்றவங்க யாரா இருந்தாலும் வெள்ளிக்கிழமை பூஜைக்குப் பிறகு அர்ச்சனை கவுண்டர்ல பேர் கொடுங்க. குடையும் தண்ணியும் கோயில்ல ஏற்பாடு பண்ணிடுவோம்.